தமிழ்வழியில் படித்து நர்சிங் சேர்ந்தவர்களுக்கு: எலும்பு, நுரையீரல், இதயம் – முதல் செமஸ்டரில் எந்த வரிசையில் படிப்பது?

தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்து பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்தவர்களை முதல் மாதத்திலேயே மிரட்டும் பேப்பர் அனாடமி – பிசியாலஜி (உடல் உறுப்புகளின் அமைப்பும் அவற்றின் வேலையும்). நானும் அந்த வழியாக வந்தவள்தான். வகுப்பில் சொல்வது புரியும். புரிந்ததை ஆங்கிலத்தில் எழுத வராது. மனப்பாடம் செய்து எழுதிவிட்டாலும், "அது எங்கே இருக்கிறது, காட்டு" என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டால் கை எங்கே போவதென்று தெரியாமல் நிற்கும். அந்த செமஸ்டர் முழுக்கத் தட்டுத்தடுமாறிக் கிடைத்த வழியை இங்கே எழுதிவைக்கிறேன். ஜி.என்.எம்., பிசியோதெரபி, லேப் டெக்னீஷியன் படிப்பவர்களுக்கும் பாடம் இதேதான், மதிப்பெண் கணக்கு மட்டும் மாறும்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எலும்பு முதலில், அடுத்து நுரையீரல், கடைசியில் இதயம். மூன்றையும் தனித்தனிப் பாடமாக வைத்துக்கொள்ளாதீர்கள். விலா எலும்பை எண்ணத் தெரிந்தால்தான் நுரையீரல் எதுவரை இருக்கிறது, இதயம் எங்கே துடிக்கிறது என்று சொல்ல முடியும்.

1. சேர்ந்த வாரத்தில்: சான்றிதழும் செலவும்

அசல் சான்றிதழ்களைக் கல்லூரியில் ஒப்படைக்கும் முன் மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, நாலைந்து ஜெராக்ஸும் எடுத்து வைத்துவிடுங்கள். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது கேட்பார்கள், அப்போது அசலை வெளியே வாங்குவது பெரும்பாடு.

அரசுப் பள்ளியில் 6 முதல் பிளஸ் டூ வரை படித்தவர்களுக்கும், அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் தமிழ்நாடு அரசு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டம், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம். விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும். வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும், ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். அப்பா கணக்கைக் கொடுத்தால் வேலைக்கு ஆகாது. பள்ளியில் கொடுத்த எமிஸ் எண்ணையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். புத்தகச் செலவுக்கு அந்தப் பணம் நன்றாகவே உதவும்.

புத்தகம் ஒன்று போதும். உங்கள் ஆசிரியர் எதை வைத்துப் பாடம் நடத்துகிறாரோ அதையே வாங்குங்கள். மூன்றாமாண்டு அக்காக்களிடம் கேட்டால் பாதி விலைக்கே கிடைக்கும். ஒரு பதிப்பு பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, எலும்பும் இதயமும் மாறிவிடப் போவதில்லை. எலும்பு மாதிரி வேண்டுமென்றால் பிளாஸ்டிக் செட்டை அறைத்தோழிகள் நாலைந்து பேர் பணம் போட்டு வாங்குங்கள். முழு எலும்புக்கூடு தேவையில்லை, தனித்தனி எலும்புகளாக இருப்பதே படிக்க வசதி. உண்மையான மனித எலும்பு மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் தொடவே தொடாதீர்கள். அது எங்கிருந்து, யாருடைய அனுமதியோடு வந்தது என்று உங்களால் உறுதிசெய்ய முடியாது. ஸ்டெதாஸ்கோப்பும் விலை உயர்ந்ததாக வேண்டாம். முதல் வருடத்துக்குச் சாதாரணமானதே போதும்.

2. மதிப்பெண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் கொண்டுவந்த பாடத்திட்டப்படி இது முதல் செமஸ்டர் பேப்பர். மொத்தம் 100 மதிப்பெண், அதில் இன்டர்னல் (கல்லூரியே போடும் மதிப்பெண்) 25, பல்கலைக்கழகத் தேர்வு 75. அந்த 75-இல் அனாடமி பகுதிக்கு 37, பிசியாலஜி பகுதிக்கு 38. தேர்ச்சிக்கு 50 சதவீதம். வருகைப்பதிவு 80 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது.

நிறையப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. படம் வரைந்து பெயர் எழுதுவது எளிதாக இருப்பதால் அனாடமியையே திரும்பத் திரும்பப் படிப்பார்கள். பிசியாலஜி கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போகும். இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே எடை என்பதால், ஒரு உறுப்பின் அமைப்பைப் படித்த அன்றே அதன் வேலையையும் படித்து முடியுங்கள்.

3. பதினோராம் வகுப்பு விலங்கியலை இரண்டு மொழியிலும் இறக்குங்கள்

எனக்குக் கைகொடுத்தது இதுதான், யாரும் சொல்லித்தராததும் இதுதான். தமிழ்நாடு அரசின் பதினோராம் வகுப்பு விலங்கியல் புத்தகம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சுவாசம், இரத்த ஓட்டம், எலும்பு மண்டலம் மூன்றும் அதில் இருக்கின்றன. இரண்டு புத்தகத்திலும் பாட வரிசை ஒன்றேதான். தமிழில் ஒரு பத்தி, உடனே ஆங்கிலத்தில் அதே பத்தி என்று படித்துக்கொண்டே போங்கள். மூன்று பாடத்தையும் இப்படி முடிக்க, தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் இரண்டு வாரம் போதும்.

அதற்குமேல் தமிழில் குறிப்பெடுக்காதீர்கள். புரிந்துகொள்வது தமிழில் இருக்கட்டும், எழுதுவது முதல் வாரத்திலிருந்தே ஆங்கிலத்தில் இருக்கட்டும். சின்னச் சின்ன வாக்கியமாக, இலக்கணம் தப்பினாலும் எழுதுங்கள். கடைசி மாதத்தில் மொழியை மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் கை ஓடாது.

4. எலும்பு: 206-ஐ உடைத்து எண்ணுங்கள்

206 என்ற எண்ணை எல்லோரும் சொல்வார்கள். பிரித்துச் சொல்லச் சொன்னால்தான் திணறல். உடலின் நடு அச்சில் உள்ள அச்செலும்புகள் 80, கைகால் பக்கம் 126. அந்த 80-இல் மண்டையோடு 22, இரண்டு காதிலுமாகச் சிற்றெலும்பு 6, தொண்டையில் ஹையாய்டு 1, முதுகெலும்புத் தொடர் 26, மார்பெலும்பும் விலாக்களும் சேர்த்து 25. ஒரு கைக்கு 30, ஒரு காலுக்கு 30. தோள் வளையத்தில் 4, இடுப்பெலும்பு 2.

முதுகெலும்பில் ஒரு குழப்பம் வரும். கழுத்து 7, மார்பு 12, இடுப்பு 5, சேக்ரம் 5, காக்ஸிஸ் (வால் எலும்பு) 4 என்று கூட்டினால் 33 வரும். பெரியவர்களுக்கு 26 என்று ஏன் எழுதுகிறோம் என்றால், சேக்ரத்தின் 5 துண்டும் ஒன்றாகவும், காக்ஸிஸின் 4 துண்டும் ஒன்றாகவும் ஒட்டிவிடுகின்றன. இந்த ஒரு வரியை விடைத்தாளில் சேர்த்து எழுதுங்கள்.

வைவாவில் எலும்பைக் கையில் கொடுத்தால் முதல் கேள்வி "வலதா, இடதா?" என்பதுதான். படத்தைப் பார்த்து இதைப் பழக முடியாது. எலும்பை உங்கள் உடம்பில் அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். தொடையெலும்பு என்றால் உருண்டைத் தலை மேலேயும் உள்பக்கமாகவும் இருக்க வேண்டும், முரட்டு வரம்பு பின்னால் போக வேண்டும். மேற்கை எலும்புக்கும் தலை உள்பக்கம்தான். கீழ்முனையில் இருக்கும் ஆழமான குழி பின்பக்கம் வரும், முழங்கையை நீட்டும்போது முன்கை எலும்பான அல்னாவின் நுனி அதில்தான் உட்காரும். காரை எலும்பில் தடித்த முனை மார்பெலும்புப் பக்கம், தட்டையான முனை தோள் பக்கம், உள்பக்க மூன்றில் இரண்டு பங்கு முன்னோக்கி வளைந்திருக்கும். மூன்று அடையாளம் பொருந்தினால் பக்கம் தானே தெரிந்துவிடும்.

5. விரலால் விலா எண்ணப் பழகுங்கள்

இதற்கு ஒரு மாலையை முழுதாக ஒதுக்குங்கள். கண்ணாடி முன் நின்று, கழுத்துக்குக் கீழே இரண்டு காரை எலும்புக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில் ஆள்காட்டி விரலை வையுங்கள். அப்படியே மார்பெலும்பின் மேல் நேராகக் கீழே இறக்குங்கள். ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வந்ததும் குறுக்கே ஒரு சின்ன மேடு தட்டுப்படும். மார்பெலும்பின் மேல்துண்டும் நடுத்துண்டும் சேரும் இடம் அது. அங்கிருந்து விரலைப் பக்கவாட்டில் நகர்த்தினால் நிற்பது இரண்டாவது விலா, அதற்குக் கீழே இரண்டாவது இடைவெளி. இனி மூன்று, நான்கு, ஐந்து என்று இறங்கிக்கொண்டே போகலாம்.

காரை எலும்புக்குக் கீழே முதலில் தட்டுப்படுவதையே முதல் விலா என்று எண்ண ஆரம்பிப்பவர்கள் அதிகம். முதல் விலாவின் பெரும்பகுதி காரை எலும்புக்கு அடியில் மறைந்திருப்பதால் அது கைக்கு எளிதில் படாது. அந்த மேட்டிலிருந்து எண்ணினால்தான் கணக்குத் தப்பாது.

இப்போது இடது பக்கம் ஐந்தாவது இடைவெளிக்கு வந்து, காரை எலும்பின் நடுப்புள்ளியிலிருந்து நேராகக் கீழே கோடு போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். இடைவெளியும் கோடும் சந்திக்கும் இடத்தில் இதயத்தின் நுனி துடிக்கும். தெரியவில்லையென்றால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள். அப்புறம் அதே கணக்கில் இதயத்தின் நான்கு வால்வுகளின் சத்தம் கேட்கும் இடங்கள்: வலது இரண்டாவது இடைவெளி அயோர்ட்டிக், இடது இரண்டாவது பல்மனரி, மார்பெலும்பின் இடது கீழ் ஓரத்தில் நான்காவது இடைவெளியை ஒட்டி டிரைகஸ்பிட், இதய நுனியில் மைட்ரல். இ.சி.ஜி. (இதயத்தின் மின்னோட்டப் பதிவு) எடுக்கும்போது மார்பில் ஒட்டும் முனைகளில் வி1 வலது நான்காவது இடைவெளியிலும், வி2 இடது நான்காவதிலும், வி4 நீங்கள் இப்போது கண்டுபிடித்த நுனி இருக்கும் இடத்திலும் வரும். வார்டில் இ.சி.ஜி. ஒட்டும் வேலை பின்னால் வரும்போது, இந்த ஒரு மாலையின் பலன் தெரியும்.

12 ஜோடி விலாக்களில் முதல் 7 ஜோடி நேராக மார்பெலும்போடு சேரும். அடுத்த 3 மேலே உள்ள குருத்தெலும்போடு சேரும். கடைசி 2 முன்னால் எதிலும் சேராது. ஒவ்வொரு விலாவின் கீழ்விளிம்பிலும் ஒரு பள்ளம் உண்டு. சிரை, தமனி, நரம்பு மூன்றும் மேலிருந்து கீழாக இந்த வரிசையில் அதில் ஓடுகின்றன. மார்பில் நீர் எடுக்க மருத்துவர் ஊசியை விலாவின் மேல்விளிம்பை ஒட்டிக் குத்துவது இதனால்தான். இந்தக் காரணத்தையும் சேர்த்து எழுதினால் விடை எடுபடும்.

6. நுரையீரல்: காற்று ஏன் உள்ளே போகிறது?

அமைப்பு எளிது. வலது நுரையீரலில் 3 மடல், இடதில் 2. மூச்சுக்குழல் 10 முதல் 12 சென்டிமீட்டர், சி வடிவக் குருத்தெலும்பு வளையங்கள் 16 முதல் 20. பிரியும் இரண்டு கிளைகளில் வலது கிளை அகலம், நீளம் குறைவு, இடதைவிட நேராகக் கீழே இறங்கும். குழந்தை கடலைப்பருப்பை விழுங்கி அது புரையேறினால் பெரும்பாலும் வலது பக்கம் போய் மாட்டுவது அதனால்தான். வைவாவில் அடிக்கடி வரும் கேள்வி.

மூச்சு விடும் முறையில்தான் பலர் தலைகீழாக எழுதுகிறார்கள். காற்று போய் நுரையீரலை விரிப்பதில்லை. முதலில் உதரவிதானம் சுருங்கித் தட்டையாகிறது, வெளி விலாத் தசைகள் விலாக்களை வாளியின் கைப்பிடியைத் தூக்குவதுபோல மேலே தூக்குகின்றன. மார்பு விரிகிறது, ப்ளூரா (நுரையீரலைச் சுற்றிய உறை) வழியாக நுரையீரலும் கூடவே விரிகிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது, பிறகுதான் காற்று நுழைகிறது. சாதாரணமாக மூச்சு விடும்போது வெளியேற்றத்துக்குத் தசை உழைப்பே தேவையில்லை, நுரையீரல் தன் மீள்தன்மையால் சுருங்கிக்கொள்கிறது. இந்த வரிசையை அப்படியே எழுதப் பழகுங்கள். உதரவிதானத்துக்குப் போகும் ஃப்ரினிக் நரம்பு கழுத்தின் மூன்று, நான்கு, ஐந்தாம் நிலைகளிலிருந்து கிளம்புகிறது. கழுத்து உயரத்தில் தண்டுவடம் அடிபட்டால் மூச்சே நிற்கக்கூடும் என்பதை இதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அளவுகளுக்கு வருவோம். ஒரு சாதாரண மூச்சு 500 மில்லி. ஆண்களுக்குக் கூடுதலாக உள்ளிழுக்கக்கூடியது சுமார் 3,100, கூடுதலாக வெளியே தள்ளக்கூடியது 1,200. இவற்றைக் கூட்டினால் உயிர்த்திறன் 4,800. எவ்வளவு ஊதினாலும் உள்ளேயே தங்கிவிடுவது 1,200. ஆக மொத்தம் 6,000. பெண்களுக்கு இவை குறைவு. ஒரு புத்தகத்தில் 3,000, 1,100 என்று இருக்கும், இன்னொன்றில் வேறு மாதிரி இருக்கும். இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வகுப்புப் புத்தகத்தின் எண்களையே பிடித்துக்கொள்ளுங்கள், இரண்டு புத்தகத்து எண்களைக் கலந்தால்தான் கூட்டுத்தொகை இடிக்கும்.

500 மில்லியில் சுமார் 150 வாயு மாற்றம் நடக்காத குழாய்களிலேயே நின்றுவிடும். நிமிடத்துக்கு 12 மூச்சு என்றால் நுண்ணறைகளுக்குப் போய்ச்சேருவது 350 × 12 = 4,200 மில்லி. மேலோட்டமாக, வேகமாக மூச்சு விடும் நோயாளிக்கு ஏன் ஆக்சிஜன் போதவில்லை என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. 250 மில்லி வீதம் 24 முறை மூச்சு விட்டாலும் மொத்தம் 500 × 12-இல் வரும் அதே 6,000 மில்லிதான், ஆனால் நுண்ணறைக்குப் போவது 100 × 24 = 2,400 மட்டுமே.

7. இதயம்: ஒரு சுற்றுப் பாதையை எழுதிப் பாருங்கள்

முதலில் படத்தின் பக்கம். புத்தகத்தில் இதயம் உங்களைப் பார்த்து நிற்கிறது, அதனால் அதன் வலது பக்கம் உங்கள் இடது கைப் பக்கம் வரும். வரைந்த உடனே ஓரத்தில் வலது, இடது என்று பென்சிலில் குறித்துவிட்டு அப்புறம் பெயர் எழுதுங்கள். இதை விட்டால் படம் முழுக்க மாறிப்போகும்.

அடுத்து, புத்தகத்தை மூடிவிட்டு ரத்தம் போகும் வழியை வெள்ளைத்தாளில் எழுதுங்கள். மேல், கீழ் பெருஞ்சிரைகள், வலது ஏட்ரியம் (மேலறை), மூவிதழ் (டிரைகஸ்பிட்) வால்வு, வலது வென்ட்ரிக்கிள் (கீழறை), பல்மனரி வால்வு, நுரையீரல் தமனி, நுரையீரல், நான்கு நுரையீரல் சிரைகள், இடது ஏட்ரியம், ஈரிதழ் (மைட்ரல்) வால்வு, இடது வென்ட்ரிக்கிள், அயோர்ட்டிக் வால்வு, பெருந்தமனி. தடுமாறாமல் எழுத வரும்வரை தினமும் எழுதுங்கள். தமனியில் எப்போதும் ஆக்சிஜன் ரத்தம்தான் இருக்கும் என்று பள்ளியில் மனதில் பதிந்திருந்தால் நுரையீரல் தமனியில் இடறும். இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவது தமனி, இதயத்துக்குக் கொண்டுவருவது சிரை, அவ்வளவுதான் விதி. இடது வென்ட்ரிக்கிளின் சுவர் வலதைவிடத் தடிமன் என்பதையும் காரணத்தோடு எழுதுங்கள்: வலது வென்ட்ரிக்கிள் பக்கத்திலேயே உள்ள நுரையீரல்களுக்குத் தள்ளினால் போதும், இடது உடம்பு முழுக்கத் தள்ள வேண்டும்.

பிசியாலஜிக்கு 0.8 வினாடியைப் பிடியுங்கள். நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் 60-ஐ 75-ஆல் வகுத்தால் ஒரு துடிப்புக்கு 0.8 வினாடி. ஏட்ரியம் சுருங்க 0.1, வென்ட்ரிக்கிள் சுருங்க 0.3, மீதி 0.4 முழுத் தளர்வு. துடிப்பு கூடும்போது அதிகம் குறைவது இந்த ஓய்வு நேரம்தான். இதயத் தசைக்கு ரத்தம் கொடுக்கும் கரோனரி தமனிகளில் பெரும்பாலான ஓட்டம் ஓய்வு நேரத்தில்தான் நடக்கிறது, அதனால்தான் நீண்ட நேரம் வேகமாகத் துடிக்கும் இதயம் ஆபத்து. ஒரு துடிப்பில் சுமார் 70 மில்லி, நிமிடத்துக்கு 75 என்றால் 5,250 மில்லி. "கார்டியாக் அவுட்புட்" (இதயம் ஒரு நிமிடத்தில் வெளியே தள்ளும் ரத்தம்) என்ற கேள்விக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால் பாதி விடை முடிந்தது.

சத்தத்தில் ஒரு குழப்பம். "லப்" என்பது ஏட்ரியத்துக்கும் வென்ட்ரிக்கிளுக்கும் நடுவில் உள்ள வால்வுகள் மூடும் சத்தம், "டப்" அயோர்ட்டிக், பல்மனரி வால்வுகள் மூடும் சத்தம். திறக்கும்போது வருவதாக எழுதிவிடாதீர்கள்.

மின்னோட்டம் எஸ்.ஏ. கணுவில் பிறந்து, ஏ.வி. கணுவில் கொஞ்சம் தாமதித்து, ஹிஸ் கற்றை, கிளைகள், புர்கின்ஜி இழைகள் என்று பரவுகிறது. அந்தத் தாமதம் சுமார் 0.1 வினாடி. ஏட்ரியம் காலியான பிறகு வென்ட்ரிக்கிள் சுருங்க அது அவகாசம் தருகிறது. இ.சி.ஜி.யில் பி அலை ஏட்ரியத்தின் மின்தூண்டல், கியூ.ஆர்.எஸ். வென்ட்ரிக்கிளின் மின்தூண்டல், டி அலை வென்ட்ரிக்கிள் பழைய நிலைக்குத் திரும்புவது. ஏட்ரியம் திரும்புவது எங்கே என்று கேட்பார்கள். அது கியூ.ஆர்.எஸ்.ஸுக்குள் மறைந்துவிடுகிறது.

8. ரெக்கார்டு நோட்டு

இன்டர்னலில் கை கொடுப்பது இதுதான். பாடம் நடந்த அதே வாரத்தில் படம் வரைந்து, தேதி போட்டு, ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். செமஸ்டர் கடைசியில் ஐம்பது பேர் ஒரே மேசை முன் வரிசையில் நிற்கும்போது கையெழுத்துக்கே நாள் போய்விடும். பென்சில் எச்.பி. போதும். பெயர்க்கோடுகளை ஸ்கேலால், ஒன்றையொன்று வெட்டாமல், எல்லாப் பெயரையும் வலது ஓரத்தில் ஒரே நேர்கோட்டில் எழுதுங்கள். நிழல் கொடுத்து அழகுபடுத்துவதில் நேரத்தைக் கொட்ட வேண்டாம். முடித்த நோட்டைப் பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்துவைத்துவிடுங்கள். திருத்தக் கொடுத்த நோட்டு படிக்க வேண்டிய நேரத்தில் உங்கள் கையில் இருக்காது.

9. தேர்வுக்கு முந்தைய மாதம்

புதிதாக எதையும் தொடங்காதீர்கள். நான்கு படங்களை நேரம் வைத்து வரையுங்கள்: இதயத்தின் உட்புறம், மின்கடத்து மண்டலம், மூச்சுப் பாதை, நீள எலும்பின் வெட்டுத்தோற்றம். ஒவ்வொன்றும் பெயரோடு 7 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். தேர்வு 3 மணி நேரம். அனாடமிப் பகுதியை ஒன்றரை மணி நேரத்தில் மூடிவிட்டு, பாக்கி இருந்தாலும் பிசியாலஜிக்குப் போய்விடுங்கள். பழைய வினாத்தாள்களைப் பார்க்கும்போது 2021-க்கு முந்தைய வருடாந்திர முறை வினாத்தாள்களைத் தனியே வையுங்கள், அவற்றின் மதிப்பெண் பிரிப்பு வேறு.

வைவா ஒத்திகைக்கு அறைத்தோழியை எதிரே உட்காரவைத்து, ஒருவர் எலும்பைக் கொடுக்க, மற்றவர் ஆங்கிலத்தில் சத்தமாகச் சொல்ல வேண்டும்: எலும்பின் பெயர், எந்தப் பக்கம், அதற்கு மூன்று காரணம். ஒரு எலும்புக்கு ஒரு நிமிடம். வாக்கியம் தெரியாமல் தடுமாறும் இடத்தில் நிறுத்தி, அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எழுதிப் பார்த்துவிட்டு அடுத்த எலும்பை எடுங்கள்.